தண்டச்சோறு

நம்முடைய பேச்சில் தண்டச்சோறு என்று ஒரு சொல் உண்டு. தண்டம் என்றால் அபராதம். கையை விட்டு வீணே போகும் பணம். சோறு என்றால் சோறுதான். இரண்டையும் ஒட்டவைத்து ஒரு மனிதன்மேல் எறிந்துவிட்டால், அவன் விழுங்கும் ஒவ்வொரு கவளமும் நாம் கட்டுகிற அபராதம் என்று ஆகிவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான வசவு வேறு பாஷைகளில் இருக்கிறதா என்று எனக்கு ஐயம். கையை ஓங்க வேண்டாம். குரலைக்கூட உயர்த்த வேண்டாம். அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னால் போதும்.

இந்தச் சொல்லை ஒரு கோழியைப் பார்த்துச் சொன்னதைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். கோழிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே அதற்கு மானநஷ்டம் ஒன்றும் ஏற்பட்டிராது. ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு முழு நீதி சாஸ்திரமே இருக்கிறது. 'உண்பவன் உழைக்க வேண்டும். உழைப்பின் பலன் என் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் உண்ணும் உரிமை போய்விட்டது' என்பது அந்தச் சாஸ்திரம். இதை ஒரு பள்ளிக்கூடத்திலும் யாரும் கற்பிக்கவில்லை. எல்லாருக்கும் மனப்பாடமாய் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு கிணறு, ஒரு துவைகல், ஒரு முருங்கை. மீதி இடம் கோழிகளுடையது. ஓர் ஆடி மாதத்தில் என் மனைவி சந்தையிலிருந்து ஆறு விடைகளை வாங்கி வந்தாள். முட்டையிடும் பருவத்தை எட்டிக்கொண்டிருக்கும் இளங்கோழியை எங்கள் திருநெல்வேலிச் சீமையில் விடை என்பார்கள். நாட்டுக்கோழி நிதானமான பிராணி. பண்ணைக் கோழி பதினெட்டு இருபது வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். நாட்டுக்கோழிக்கு ஆறு ஏழு மாதம்கூட ஆகும். ஐப்பசி கார்த்திகைக்குள் ஐந்து கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக இட ஆரம்பித்தன. ஆறாவதான சாம்பல் நிறக்காரி இடவில்லை.

இடவில்லை என்று சும்மா சொல்லிவிட்டால் அவளுடைய வழக்கு விளங்காது. அவள் செய்யாதது ஒன்றே ஒன்று, மற்றதையெல்லாம் செய்தாள். கொண்டை நன்றாகச் சிவந்திருந்தது. காலையில் மற்றக் கோழிகளைப் போலவே உமி பரப்பிய பழைய கூடைக்குள் போய் உட்காருவாள். முக்கால் மணி, ஒரு மணி நேரம் அங்கேயே கண்ணைச் செருகிக்கொண்டு இருப்பாள். பிறகு வெளியே வந்து, ஊரெல்லாம் கேட்கும்படி கேறுவாள். ஓடிப்போய்ப் பார்த்தால் கூடையில் உமிதான் இருக்கும். காக்கை கொண்டு போகிறது என்றார் ஒருவர். கிணற்றடியில் சாரைப்பாம்பு இருக்கிறது, அதன் வேலை என்றார் இன்னொருவர். அடுத்த வீட்டுப் பையன்மேல்கூட ஒரு பேச்சு எழுந்தது. என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துவைகல்மேல் உட்கார்ந்து காவல் காத்து, காக்கையையும் பாம்பையும் பையனையும் விடுதலை செய்தாள். குற்றவாளிக் கூண்டில் கோழி மட்டும் நின்றது.

யோசனை சொல்லாதவர்கள் இல்லை. கருவாட்டுத் தலையை இடித்துப் போடு என்றார்கள். கம்பு போடு, முருங்கைக்கீரை போடு, சிப்பியைப் பொடித்துத் தவிட்டில் கலந்து வை என்றார்கள். கூடையில் வேறொரு கோழியின் முட்டையை விட்டுவைத்தால் அதைப் பார்த்து இவளும் இடுவாள் என்றார்கள். எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அவள் கருவாட்டுத் தலையைத் தின்றுவிட்டு, அந்நிய முட்டையின்மேல் உட்கார்ந்து எழுந்து, வழக்கம்போல் கேறினாள்.

கார்த்திகைக்கு வந்திருந்த என் பெரியம்மை அவளைப் பிடித்து மடியில் வைத்துப் பரிசோதித்தாள். பெரியம்மைக்குப் பத்து வயதிலிருந்து கோழியோடு பழக்கம். பின்புறத்து எலும்புகளுக்கு இடையில் விரலை வைத்துப் பார்ப்பாள். இரண்டு விரல், மூன்று விரல் இடைவெளி இருந்தால் இடுகிற கோழி, ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இடாத கோழி. இந்தச் சோதனையைக் கால்நடை வைத்தியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். "எலும்பெல்லாம் விரிஞ்சுதான் இருக்கு. கொண்டையும் செவந்திருக்கு. ஆனா ஒண்ணத்தையும் காணோம்" என்று யோசித்தாள். பிறகு கோழியைக் கீழே விட்டுவிட்டு, "இது தண்டச்சோறுய்யா. எதுக்கு வச்சுத் தீவனம் போடுதிய? குழம்பு வச்சிருங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

தையில் விருந்தாளிகள் வந்தார்கள். தீர்ப்பு நிறைவேறியது.

கோழியைச் சுத்தம் செய்தவளும் பெரியம்மைதான். வயிற்றைத் திறந்தவள், "ஏய்யா, இங்கே வா" என்று என்னைக் கூப்பிட்டாள். உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி மஞ்சள் கருக்கள் இருந்தன. நெல்லிக்காய் அளவில் ஒன்று, அதைவிடச் சிறிதாய் இன்னொன்று, பட்டாணி, மிளகு, கடுகு என்று வரிசையாய், நாளைக்கு நாளைக்கு என்று காத்திருந்த மாதிரி இருந்தன. ஆனால் அந்தக் கருவை வாங்கி, வெண்கரு சுற்றி, ஓடு பூட்டி வெளியே அனுப்ப வேண்டிய குழாய் பாதியில் தேய்ந்துபோய், ஒரு தண்ணீர்ப்பையாய் வீங்கிக் கிடந்தது. வயிற்றுக்குள் ஆங்காங்கே மஞ்சள் திட்டுத் திட்டாய் ஒட்டியிருந்தது. பெரியம்மை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ இட்டுக்கிட்டுத்தான்யா இருந்திருக்கா. போக வழி இல்லே" என்றாள்.

எங்கள் ஊர்க் கால்நடை வைத்தியரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. குஞ்சாய் இருக்கும்போதே, பிறந்த முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள், கோழிகளுக்கு ஒரு மூச்சுக்குழல் நோய் வருவதுண்டாம். 1931-இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டு எழுதப்பட்ட நோய் அது. பிற்காலத்தில் மனிதர்களை வீட்டுக்குள் பூட்டிவைத்த கொரோனாக் குடும்பத்துக் கிருமிதான் இதற்கும் காரணம். குஞ்சு நாலு நாள் தும்மும், இருமும். பிறகு தேறி நன்றாக வளரும். ஆனால் அந்த நாலு நாளில் கிருமி, இன்னும் உருவாகியே முடியாத முட்டைக்குழாயைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். பெட்டைக்கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பையும் குழாயும் மட்டுமே வளர்ச்சி பெறுகின்றன. அந்த ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி கிடையாது. சினைப்பை நல்லபடியாக வேலை செய்யும். கரு முதிரும், உதிரும். உதிர்ந்தது குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழும். உடம்பு அதை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். முட்டையிட வேண்டும் என்ற தவிப்பு மட்டும் குறைவின்றி வரும். கூடைக்குப் போகும்; உட்காரும்; கேறும். இப்படிப்பட்டவற்றுக்குப் பொய்யாக முட்டையிடும் கோழி என்று சாஸ்திரக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்களாம். அவர்கள் பெயரிலும் கோழிதான் பொய் சொல்கிறது!

இங்கே நிறுத்திக்கொண்டால் இது ஓர் இரக்கக் கதையாய் முடிந்துவிடும். நிரபராதிக்குத் தண்டனை கிடைத்தது, ஐயோ பாவம் என்று நாம் கலைந்து போகலாம். என்னால் அங்கே நிறுத்த முடியவில்லை. வயிற்றைத் திறந்தபோது அந்தக் கொத்து இல்லாமல் இருந்திருந்தால் என்ன என்று ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் வயிறாய் இருந்திருந்தால், பெரியம்மை மௌனமாகியிருக்க மாட்டாள். 'நான் சொன்னேன் பார்த்தியா' என்றிருப்பாள். அப்போது தீர்ப்பு நியாயமாகிவிட்டிருக்குமா?

முதலில் சாதாரணக் கோழிகளின் வழக்கைப் பார்ப்போம். முட்டையிடாத கோழிகளில் பெரும்பாலானவை இடாததற்கு வெளியே ஏதோ ஒரு காரணம் இருக்கும். கோழிக்கு முட்டையிடும் கட்டளை வெளிச்சத்திலிருந்து வருகிறது. கண் வழியாக மட்டும் அல்ல, மண்டை ஓட்டைத் துளைத்துக்கொண்டே வெளிச்சம் மூளைக்குள் போய், பகல் எவ்வளவு நீளம் என்று அளந்து சொல்கிறது. பதினாலு பதினாறு மணி வெளிச்சம் இருந்தால் அதற்கு உற்சாகம். மார்கழியில் பகல் சுருங்கினால் அதுவும் சுருங்கும். அதனால்தான் பண்ணைகளில் மாலையில் விளக்குப் போடுகிறார்கள். ஓர் ஓட்டுக்குச் சுமார் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனியில் இல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்து கரைத்துக் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை. அப்புறம் அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை இறகு உதிர்த்துப் புதிய இறகு முளைக்க வேண்டும். அந்தக் காலத்தில் முட்டை நிற்கும். அடைக்கு வந்துவிட்டால் நிற்கும். பெரிய கோழி ஒன்று தீனித் தட்டை விட்டு எப்போதும் கொத்தி விரட்டிக்கொண்டிருந்தால், விரட்டப்பட்டது இடாது. வைக்கோல் போருக்குள் ரகசியமாய் இட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. இருபத்தொரு நாள் கழித்துப் பத்துக் குஞ்சுகளோடு ஊர்வலம் வரும்போதுதான் நமக்கு விஷயம் தெரியும். சுருக்கமாய்ச் சொன்னால், கோழியின்மேல் நாம் போடும் வழக்குகளில் முக்கால்வாசி பொய் வழக்கு.

அப்புறம், எத்தனை முட்டை என்ற கணக்கை யார் வைத்தது? நம் வீட்டுக் கோழியின் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 15 முட்டை இடும். குஞ்சு பொரிக்க அது போதும். கிராமத்து நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, அடைக்கு உட்கார்ந்து, குஞ்சு வளர்த்து, மறுபடி இட்டு, ஆண்டுக்கு ஐம்பது அறுபது என்று தருகிறது. நாமக்கல் பண்ணைக் கோழி 300-க்கு மேல் இடுகிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் ஒரு வேலையை நாள் தவறாமல் செய்கிறது என்று அர்த்தம். எழுபது எண்பது வாரம் ஆனதும் கறிக்கு விற்றுவிடுகிறார்கள். முந்நூறு என்பது கோழியின் தர்மம் அல்ல. நாம் பல தலைமுறையாய்ப் பொறுக்கிப் பொறுக்கி அதற்குள் எழுதிய எண். எழுதியவர்கள் நாம் என்பதை மறந்துவிட்டு, பத்து முட்டை இடுகிற கோழியைச் சோம்பேறி என்கிறோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கும் சரித்திரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பாஸெல் நகரத்தில் 1474-ஆம் ஆண்டு ஒரு சேவலை நீதிமன்றத்தில் நிறுத்தி, முட்டையிட்ட குற்றத்துக்காக உயிரோடு கொளுத்தினார்கள். சேவல் முட்டையிடுவது இயற்கைக்கு விரோதம், பிசாசின் வேலை என்பது வாதம். அது சேவலாகவே இருந்திருக்காது. சினைப்பை கெட்டுப்போன பெட்டைக்கோழி சேவலின் கொண்டையும் வாலும் பெறுவதுண்டு, கூவுவதும் உண்டு என்று இப்போது நமக்குத் தெரியும். நாம் அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். இட்டதற்காக ஒன்றைக் கொன்றவர்களுக்கும் இடாததற்காக ஒன்றைக் கொல்பவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்தால் என் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் படிக்கும் ஒருவர், 'நீர் கோழி தின்னாதவரோ?' என்று கேட்கலாம். தின்கிறவன்தான். அந்தச் சாம்பல் கோழிக் குழம்பையும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. கொல்லாமை என்ற பெரிய விரதத்தைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அதைப் பேசத் தகுதியுள்ளவர்கள் பேசட்டும். என் கேள்வி அதைவிடச் சிறியது.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் நாலு கோழி வைத்திருக்கிறாள். புருஷன் இல்லை, பீடி சுற்றுகிறாள். முட்டை விற்கிற காசுதான் பேரனின் நோட்டுப் புத்தகம், பஸ் சார்ஜ். அவளிடம் போய், இடாத கோழிக்கும் நொய்யரிசி பெற உரிமை உண்டு என்று நான் பிரசங்கம் செய்தால், என்னை அவள் துடைப்பத்தால் அடிக்கலாம். அடித்தால் நியாயம் அவள் பக்கம். இடாத கோழியை அவள் விற்பாள். விற்கத்தான் வேண்டும். ஆனால் அவள் விற்பதை நான் பார்த்திருக்கிறேன். வாங்க வந்தவன் காலைக் கட்டும்போது, ஒரு பிடி நொய்யை அதன் முன்னால் போடுவாள். "போயிட்டு வா தாயி, நான் என்ன செய்ய" என்பாள். 'எனக்கு வேண்டும், அதனால் செய்கிறேன்' என்பது அந்தப் பேச்சின் பொருள். 'உனக்கு இது தகும்' என்று அவள் சொல்லவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் நான் சுட்டிக்காட்ட ஆசைப்படுகிறேன். இரண்டிலும் கோழி செத்துப்போகிறது. கோழிக்கு வித்தியாசம் இல்லை என்று சொல்லலாம். மனிதனுக்கு நிரம்ப வித்தியாசம் இருக்கிறது. தேவைக்காக ஒன்றைச் செய்கிறவன் தன் கையில் ஒரு பாரத்தை வைத்துக்கொண்டிருக்கிறான். அதனால் தேவை தீர்ந்ததும் நிறுத்திவிடுவான். தகும் என்று தீர்ப்புச் சொல்கிறவன் பாரத்தையெல்லாம் கோழியின் தலையிலேயே ஏற்றிவிட்டு இலேசாகிப் போகிறான். அவனுக்கு நிறுத்துவதற்குக் காரணமே இல்லை. இன்றைக்குக் கோழி, நாளைக்குக் கறவை வற்றிய மாடு, அதற்கடுத்த நாள் யார்?

'மலடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குச் சொல்கிறோம், மரத்துக்குச் சொல்கிறோம், நிலத்துக்குச் சொல்கிறோம். ஒரு இகரத்தைச் சேர்த்துப் பெண்ணுக்குச் சொல்கிறோம். அவளை வளைகாப்புக்கு அழைப்பதில்லை. அழைத்தாலும் முன்னால் நிற்க விடுவதில்லை. காரணம் புருஷனிடம் இருக்கலாம், யாரிடமும் இல்லாமலும் இருக்கலாம். கணக்குப் புத்தகத்துக்கு அது தேவை இல்லை. கோழிக்கும் பெண்ணுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். முடிச்சைப் போட்டது நம் நாக்கு. நான் அவிழ்க்கப் பார்க்கிறேன்.

பெரிய பெரிய குஞ்சு பொரிப்பகங்களில் இந்தக் கணக்கு இன்னும் சுத்தமாக நடக்கிறது. முட்டைக்காக வளர்க்கும் ஜாதியில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். சேவல் முட்டையிடாது, அந்த ஜாதியில் கறியும் சேராது. ஆகவே பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள், உலகம் முழுவதிலுமாக ஆண்டுதோறும் கோடிக்கணக்கில். ஜெர்மனியில் 2022-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இதைச் சட்டப்படி தடுத்துவிட்டார்கள். தடுத்ததும் என்ன செய்தார்கள்? ஓட்டுக்குள் ஒளியைச் செலுத்தியோ, ஒரு துளி திரவம் எடுத்தோ, உள்ளே இருப்பது சேவலா பெட்டையா என்று கண்டுபிடித்து, சேவலானால் பொரிக்க விடுவதில்லை. குஞ்சுக்கு நோகாது என்ற வகையில் இது நிச்சயமாக முன்னேற்றம்தான், நான் பரிகசிக்கவில்லை. ஆனால் பிறக்குமுன் எட்டிப் பார்த்து, பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்யும் அந்தக் காரியத்தைப் படிக்கும்போது ஒரு தமிழனுக்கு வேறு நினைவு வராமல் இராது. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைக் குற்றமாக்கி 1994-இல் இந்த நாட்டில் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. அங்கே வேண்டாதது சேவல். இங்கே வேண்டாதது பெண். புத்தகம் ஒன்றுதான், பத்திதான் மாறுகிறது.

கணக்குப் பார்ப்பவர்களின் பாஷையிலேயே அவர்களுக்குப் பதில் சொல்லலாம் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் அந்த ஆசை உண்டு. அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையில் வில்லியம் மியூர் என்ற விஞ்ஞானி 1996-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். தனித்தனியாக அதிக முட்டையிடும் கோழியைப் பொறுக்காமல், எந்தக் கூண்டு மொத்தத்தில் நன்றாக இடுகிறதோ அந்தக் கூண்டுக் குடும்பத்தையே பொறுக்கி இனம் பெருக்கினார். சில தலைமுறையிலேயே, நூற்றுக்கு 68 என்று இருந்த கூண்டுச் சாவு 9-க்குக் குறைந்தது, முட்டையும் ஏறியது. அதிகம் இடுகிற கோழி சில சமயம் பக்கத்துக் கோழியைக் கொத்தித்தான் அதிகம் இடுகிறது. குறைவாய் இடுகிற சாது ஒன்று பக்கத்துக் கோழியை வாழவிடுகிறது. ஆக, தனிக்கணக்கில் உபயோகமற்றதாய்த் தெரிவது பொதுக்கணக்கில் உபயோகமாய் இருக்கலாம். மிகவும் நல்ல விஷயம். இடாத கோழியும் கரையானைத் தின்கிறது, எருப் போடுகிறது, பருந்து வந்தால் குரல் கொடுக்கிறது என்று நாமும் பட்டியலை நீட்டலாம்.

ஆனால் இந்த வாதத்தால் கோழி பிழைத்தாலும் என் கேள்வி பிழைக்கவில்லை. உபயோகம் இருக்கிறது, ஆகவே சோறு போடு என்று வாதிடும்போது, உபயோகம் இல்லாவிட்டால் போடாதே என்பதற்கும் நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எவ்வளவு நுட்பமாய்க் கணக்கெழுதினாலும் எங்கோ ஒரு கோழி கடைசியில் வெறும் வயிற்றோடு நிற்கும். கரையானும் தின்னாது, குரலும் கொடுக்காது. அதற்கு என்ன பதில்?

இந்தக் கேள்வி எனக்குக் கோழியிடமிருந்து வந்ததாக இதுவரை எழுதிக்கொண்டு வந்தேன். அது முழு உண்மை இல்லை.

என் சித்தப்பா ஓர் அச்சாபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எழுத்துக் கோத்த காலத்திலிருந்து கம்ப்யூட்டர் வந்த காலம் வரையில் இருந்து, ஒரு நாள் மேஜையைக் காலி செய்யச் சொன்னதும் செய்துவிட்டு வந்தவர். பிள்ளைகள் இல்லை, சித்தி போய்விட்டாள். அந்த வருஷம் எங்களோடு வந்து இருந்தார். பெரியம்மை கோழியைக் கீழே விட்டுவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னாளே, அப்போது மணி பகல் ஒன்று. புறவாசலை ஒட்டிய திண்ணையில் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பு முடிந்து ரசம் ஊற்றிப் பிசைந்திருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. அவரைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அப்படி நினைத்ததும் இல்லை. பெரியம்மைக்கு அவர் அருமைக் கொழுந்தன். தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி. அவர் அங்கே இருப்பதையே அவள் கவனிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு, ரசச்சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

அன்று இரவு பசியில்லை என்றார். மறுநாளும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். பெரியம்மைக்கு விஷயம் புரிந்தபோது, கிணற்றடியில் போய் நின்று அழுதாள். அழுது என்ன செய்ய? மன்னிப்புக் கேட்டால், உங்களைத்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சொல்லாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க எந்த பாஷையிலும் வழி இல்லை.

மூன்றாம் நாள் என் மனைவி பரிமாறிக்கொண்டே, போகிற போக்கில் பேசுவது மாதிரி ஆரம்பித்தாள். "மாமா, நீங்க இங்கே இருக்கது எங்களுக்கு எவ்வளவு ஒத்தாசை தெரியுமா? நீங்க இல்லேன்னா பிள்ளைக்கு யாரு கணக்குச் சொல்லிக் குடுப்பா? போன பரீட்சையிலே எம்பத்தெட்டு வாங்கியிருக்காள்ளா!"

சித்தப்பா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். "பிள்ளை பத்தாங்கிளாஸ் முடிச்சு வேற பாடம் எடுத்துட்டாம்மா?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். மோர்ச் சட்டியைப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரையில் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.